உறைநிலையில் இருக்கும் எங்கள் கருக்களை ஆராய்ச்சிக்கு அளிக்கலாமா?

கேள்வி: திருமங்கலம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். திருமணமாகி நெடுங்காலம் குழந்தை இல்லாத நிலையில், மதுரையில் உள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் சோதனைக்குழாய் முறையில் சிகிச்சை பெற்று நாங்கள் ஒரு மகளைப் பெற்றோம். அவள் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். அந்தச் சிகிச்சையின்போது உருவான கருக்களில் மூன்று இன்னும் அந்த மையத்தின் திரவ நைட்ரஜன் கலத்தில் உறைநிலையில் இருக்கின்றன. இனி ஒரு கர்ப்பத்தை என் உடல் தாங்காது என்று மருத்துவர் திட்டவட்டமாகக் கூறிவிட்டார்.

அண்மையில் ஆண்டுக் கட்டணம் செலுத்தச் சென்றபோது ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னார்கள். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: தொடர்ந்து பாதுகாக்க, அழிய விட, ஆராய்ச்சிக்கு அளிக்க. மூன்றாவது கட்டத்துக்கு எதிரே "ஆராய்ச்சிக்கு அளிக்கச் சம்மதம்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. என்ன ஆராய்ச்சி, யார் செய்வார்கள், எங்கே செய்வார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டதற்கு, "மேடம், ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணிக் குடுங்க, போதும்" என்றார். நான் நிரப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வீணாகப் போவதைவிட யாருக்காவது பயன்படட்டும் என்பது என் கணவரின் எண்ணம். என் மாமியாரோ கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவர் உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். பிறந்த பெண் குழந்தைகள் ஒரு சில நாட்களில் இல்லாமற்போன காலத்தைக் கண்ணால் கண்டவர். "அன்றைக்குப் பிறந்ததை வேண்டாம் என்றார்கள், இன்றைக்குப் பிறக்காததை வேண்டாம் என்கிறீர்களா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய வருத்தத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது.

அந்த மூன்று கருக்களும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன? ஆராய்ச்சிக்கு அளித்தால் அவற்றை என்ன செய்வார்கள்? அது முறையா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மேலூர் விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு)

அம்மா, வணக்கம். உங்கள் கேள்வியில் அறிவியலும் அறமும் கலந்திருக்கின்றன. நான் நன்கறிந்த பகுதியிலிருந்து தொடங்குகிறேன்.

இப்போது பெரும்பாலான மையங்களில் ஐந்தாம் நாளில்தான் கருவை உறைய வைக்கிறார்கள். உங்களுடையவையும் அப்படியே என்று கொள்வோம். விந்தும் முட்டையும் இணைந்த கருமுட்டை முதலில் இரண்டாகவும், பிறகு நான்காகவும் எட்டாகவும் பிளந்து, நான்காம் நாளளவில் ஒரு திரண்ட செல்கொத்தாகிறது. ஐந்தாம் நாளில் அதன் உள்ளே நீர் நிரம்பிய வெற்றிடம் தோன்றி, அது ஒரு நுண்ணிய கோளமாகிறது. ஏறக்குறைய நூறு முதல் இருநூறு செல்கள் இருக்கும். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் எட்டாது. அந்தக் கோளத்தின் வெளிச்சுவர் பின்னாளில் நச்சுக்கொடியின் பகுதியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு திரளிலிருந்துதான் குழந்தையின் உடல் முழுவதும் உருவாக வேண்டும். உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறவல்லவை என்பதால் ஆராய்ச்சியாளர்கள் நாடுகின்ற கரு ஸ்டெம் செல்கள் இந்த உட்திரளிலிருந்து பெறப்படுபவையே. இதயமோ நரம்போ இரத்தமோ அந்த நிலையில் இல்லை. எந்தச் செல் எந்த உறுப்பாகும் என்பதும் முடிவாகியிருக்காது. கழித்தல் 196 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கும் வரை அது வளர்வதுமில்லை, மூப்படைவதுமில்லை.

கல்லூரியில் நான் பாடம் நடத்திய காலத்தில், விலங்கியல் பட்ட மாணவர்கள் அனைவரும் கோழிக்கருச் செய்முறையைச் செய்தாக வேண்டும். அடைகாப்பானில் 18 மணி நேரம் வைத்த முட்டையை உப்புக்கரைசல் உள்ள கிண்ணத்தில் மெல்ல உடைத்து, மஞ்சள் கருவின் மேல் தெரியும் வெளிறிய வட்டத்தின்மீது வடிதாள் வளையத்தை வைத்து, சுற்றிலும் கத்தரித்து எடுப்போம். உருப்பெருக்கியின் கீழ் அந்த வட்டத்தின் நடுவே மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதற்கு ஆதிக்கீற்று என்று பெயர். அதுவரை தலை, வால், இடம், வலம் என்று எதுவும் புலப்படாதிருந்த தட்டுக்கு அந்தக் கோடுதான் முதன்முதலாக ஒரு திசையைக் காட்டும். அடுத்து 33 மணி நேரக் கருவை எடுத்தால் இதயக்குழல் உருவாகித் துடிப்புத் தொடங்கும் தறுவாயில் இருக்கும். ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்களுக்கு இதைக் காட்டினேன்; அந்தக் கோட்டைக் கண்டதும் வகுப்பே பேச்சடங்கும்.

மனிதக் கருவில் அந்தக் கீற்று ஏறக்குறைய 14 அல்லது 15 ஆம் நாளில் தோன்றுகிறது. அதன் வழியாகச் செல்கள் உட்புகுந்து புறம், நடு, அகம் என்ற மூன்று அடுக்குகளாகப் பிரிகின்றன. தோலும் நரம்பும் புற அடுக்கிலிருந்தும், தசையும் எலும்பும் இரத்தமும் நடு அடுக்கிலிருந்தும், குடலும் நுரையீரலின் உட்படலமும் அக அடுக்கிலிருந்தும் வருகின்றன. 22 ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். நான்காம் வார முடிவில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழல் மூடிக்கொள்ளும். ஆதிக்கீற்று தோன்றும் வரை ஒரே கரு பிரிந்து இரட்டைக் குழந்தைகளாகவும் ஆகக்கூடும். அதாவது, அந்த நாள் வரை அது ஒருவரா இருவரா என்பதே முடிவாகவில்லை. ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற எல்லையை உலகின் பல நாடுகள் ஏற்றதற்கு இதுவே உயிரியல் அடிப்படை.

உங்கள் மாமியாரின் கேள்விக்கு என் மனத்தில் தோன்றும் பதில் இது. அன்று கொடுமை இழைக்கப்பட்டது, அழுது பால் கேட்ட, வலியை உணரக்கூடிய ஒரு குழந்தைக்கு. அதுவும் பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்துக்காக. ஐந்து நாள் கருவுக்கு வலியை உணரும் ஒரு நரம்புச் செல்லும் கிடையாது. உங்கள் முடிவில் ஆண் பெண் என்ற பாகுபாடும் இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. அதற்காக அந்தக் கரு நகத்துண்டைப் போன்றது என்றும் நான் சொல்லமாட்டேன். உங்கள் மகளும் ஒருநாள் அதே கலத்தில் அதே வடிவில்தான் இருந்தாள். அந்த எண்ணம் உங்கள் வீட்டுப் பெரியவரை வருத்துவது இயல்பே.

பதில் 2: ஞானஒளிவுபுரம் வாசகர்

சகோதரி, ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிப்புடன் படித்தேன். அவர் கூறிய உயிரியல் செய்திகளில் எனக்கு மறுப்பு இல்லை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவில்தான் நான் வேறுபடுகிறேன்.

நான் கத்தோலிக்கன். கருவுற்ற கணத்திலிருந்தே மனித உயிருக்கு முழு மதிப்பு உண்டு என்பது எங்கள் திருச்சபையின் போதனை. என் நம்பிக்கையை உங்கள்மீது திணிக்க விரும்பாததால், நம்பிக்கைக்கு வெளியே நின்றும் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். 14 நாள் என்ற எல்லை இயற்கை வரைந்ததா, குழு வரைந்ததா? 1984 இல் இங்கிலாந்தில் மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையில் அமைந்த குழு அதைப் பரிந்துரைத்தது; 1990 இல் அங்கே சட்டமாயிற்று. அந்நாளில் ஆய்வகத்தில் அத்தனை நாள் கருவை வளர்க்கும் திறமையே யாருக்கும் இல்லை. 2016 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 12, 13 நாள் வரை வளர்த்துக் காட்டின. எல்லையை நெருங்கியவுடன் எல்லையைத் தள்ளிவைக்கும் பேச்சும் எழுந்தது. 2021 இல் ஸ்டெம் செல் ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் தன் வழிகாட்டுதலில் 14 நாளுக்கு மேற்பட்ட வளர்ப்பை முற்றாகத் தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வசதிக்கேற்ப நகரும் வேலியை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கலாமா என்பதே என் கவலை.

மேலும், கருவை அழிக்காமலே ஸ்டெம் செல் பெற வழி உண்டு. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006 இல் எலியின் சாதாரணத் தோல் செல்லையும், 2007 இல் மனிதத் தோல் செல்லையும் கரு ஸ்டெம் செல்லுக்கு நிகரான நிலைக்குத் திருப்பினார். 2012 இல் நோபல் பரிசும் பெற்றார். நம் மதுரையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சி நிறுவனத்தில், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்களை ஆராய்கிறார்கள். அவை வளர்ந்தவர்களின் கண்ணிலேயே இருப்பவை. இத்தனை வழிகள் இருக்கும்போது உங்கள் கருக்கள் எதற்கு?

உங்கள் மாமியாரின் கேள்வியை ஒரு சிக்கலாகக் கருதாதீர்கள். அந்த வட்டாரத்தின் துயரத்தைச் சுமந்த ஒருவரிடமிருந்து அது வந்திருக்கிறது.

பதில் 3: கோரிப்பாளையம் வாசகர்

இசுலாமிய மார்க்க அறிஞர்களிடையே இது குறித்து ஒரே கருத்து இல்லை என்பதைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். ரூஹு, அதாவது ஆன்மா, கருவில் 120 ஆம் நாளில் ஊதப்படுகிறது என்ற நபிமொழியைப் பலர் அடிப்படையாகக் கொள்கிறார்கள். 40 நாள் என்று கொள்வோரும் உள்ளனர். சிகிச்சையில் மிஞ்சிய கருவைத் தம்பதியரின் சம்மதத்துடன், பணம் பெறாமல் ஆராய்ச்சிக்கு அளிப்பதை ஏற்பவர்கள் பலர். ஆராய்ச்சிக்காகவே கருவை உருவாக்குவதை அவர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. இந்த வேறுபாடு எந்தச் சமயத்தவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பதில் 4: காமராசர் பல்கலை முன்னாள் மாணவர்

நான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துவிட்டு, இப்போது பெங்களூரில் செல் உயிரியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் நேராக விடை கூறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டெம் செல் எடுப்பதானால், கருவை உருகவைத்து, வெளிச்சுவரை நீக்கி, உட்திரளை மட்டும் தனியே பிரித்து, அதைத் தாங்கி வளர்க்கும் வேறு செல்களின் படுகையில் இடுவார்கள். அந்தக் கணத்தோடு அந்தக் கரு முடிந்துவிடுகிறது. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. செல்கள் ஒட்டிக்கொண்டு பெருகினால் அவற்றைச் செல் வரிசை என்பார்கள். முறையாகப் பேணினால் அது பல ஆண்டுகள் பெருகிக்கொண்டே இருக்கும். 1998 இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக ஐந்து மனிதக் கரு ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கினார். அவற்றில் சில இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகின்றன. நம் நாட்டிலும் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், கருப்பையில் வைக்கத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட தரம் குறைந்த கருக்களிலிருந்தே இரண்டு வரிசைகளை உருவாக்கினார்கள். எனவே இந்த ஆய்வுக்கு ஆயிரக்கணக்கான கருக்கள் தேவை என்று எண்ண வேண்டாம்.

இதிலிருந்து உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. படிவத்தில் ஆராய்ச்சி என்று மட்டும் குறிப்பிட்டால், ஸ்டெம் செல் ஆய்வைத் தவிர வேறு பலவும் அதற்குள் அடங்கக்கூடும். உறைய வைக்கும் முறையைச் செம்மைப்படுத்தும் சோதனை, கருவை வளர்க்கும் ஊட்டக் கரைசல்களின் ஒப்பீடு, ஆரம்பக் கரு வளர்ச்சி ஏன் பல நேரங்களில் நின்றுபோகிறது என்ற ஆய்வு என எதுவாகவும் இருக்கலாம். இவை பயனற்றவை அல்ல. குழந்தைக்காக ஏங்கும் அடுத்த தம்பதிக்கு நேரடியாக உதவுபவை அவற்றில் உண்டு. ஆனால் எது என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பெறும் கையெழுத்தைச் சம்மதமாக நான் கருதமாட்டேன்.

ஞானஒளிவுபுரம் நண்பருக்கு: யமனாகாவின் கண்டுபிடிப்பால் கருவின் தேவை வெகுவாகக் குறைந்தது உண்மை, நானும் அதை வரவேற்கிறேன். ஆயினும் எந்த மரபணுக்களைச் செலுத்திப் பார்ப்பது என்று அவர் தேர்ந்தது, பெரும்பாலும் கரு ஸ்டெம் செல்களைப் பற்றி அதுவரை கிடைத்திருந்த அறிவைக்கொண்டுதான். இன்றும் தோல் செல்லிலிருந்து திருப்பிய செல் சரியானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கரு ஸ்டெம் செல்லே அளவுகோலாக நிற்கிறது. கருவிழி ஓரத்துச் செல்கள் கருவிழியின் மேற்பரப்பைச் சீராக்கும். விழித்திரையின் பின்னடுக்கு சிதைந்தால் அவற்றால் பயனில்லை. அத்தகைய நோயாளிகள் இருவருக்கு, கரு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த படலத்தை லண்டனில் பொருத்தி, அவர்களுடைய வாசிப்புத்திறன் மேம்பட்டதை 2018 இல் வெளியிட்டார்கள். அது தொடக்கநிலைச் சோதனை மட்டுமே.

உங்கள் மூன்று கருக்களால் குறிப்பிட்ட ஒரு நோயாளி குணமாவார் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று செய்யப்படும் விளம்பரங்களுக்கும் உங்கள் கருக்களுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்படி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஞ்சை மாற்று சிகிச்சை ஒன்றே ஏற்கப்பட்டது. மற்றவை முறையான மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

பதில் 5: வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை

சட்ட நிலையை மட்டும் எழுதுகிறேன். 2021 ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, கருவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. அக்காலம் முடிந்ததும் அதை அழிய விட வேண்டும், அல்லது தம்பதியரின் சம்மதத்துடன் அச்சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும். விற்பனை குற்றம். ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017 இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல், 14 நாள் அல்லது ஆதிக்கீற்று, இவற்றில் எது முந்துகிறதோ அதற்கு மேல் கருவை வளர்க்கக் கூடாது என்கிறது. பன்னாட்டுச் சங்கத்தின் 2021 மாற்றம் நம் நாட்டின் விதியைத் தானாக மாற்றிவிடாது என்பதை ஞானஒளிவுபுரம் நண்பர் கவனிக்க வேண்டுகிறேன். ஆராய்ச்சிக்கு அளித்த கருவை எந்தப் பெண்ணின் கருப்பையிலும் வைக்க முடியாது. ஆய்வைத் தொடங்கும் முன் அந்நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவும் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரே கருவைப் பெற்று ஆய்வு செய்பவராகவும் இருக்கலாகாது.

நீங்கள் பெற்ற ஒற்றை வரிப் படிவம் போதாது, அம்மா. நிறுவனத்தின் பெயரும் பதிவெண்ணும், குழு ஒப்புதலின் நகல், ஆய்வின் நோக்கம், உங்கள் அடையாளம் எவ்வாறு மறைக்கப்படும் என்பது, பின்னாளில் செல் வரிசையிலிருந்து வணிகப் பயன் கிடைத்தால் உங்களுக்கு அதில் உரிமை இல்லை என்பது ஆகிய அனைத்தும் தமிழில் எழுத்தாகத் தரப்பட வேண்டும். கணவன், மனைவி இருவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். மாமியாரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. அவரை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்குமாறு நான் அறிவுரை கூறவும் மாட்டேன்.

திருமங்கலம் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயாவின் பதிலையும் ஞானஒளிவுபுரம் அண்ணன் எழுதியதையும் மாமியாருக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். கருவுக்கு நரம்பே உருவாகவில்லை என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னார். இன்னும் உடன்படவில்லை, ஆனால் எங்களோடு அமர்ந்து பேசுகிறார். இந்த ஆண்டுக்கான கட்டணத்தைச் செலுத்திவிட்டு, வழக்கறிஞர் அம்மா குறிப்பிட்ட விவரங்களை எழுத்தில் கேட்கப் போகிறோம். விவரம் தராவிட்டால் மூன்றாவது கட்டத்தில் நாங்கள் கையெழுத்திடப் போவதில்லை என்பதில் நானும் என் கணவரும் உறுதியாக இருக்கிறோம். ஒரே ஓர் ஐயம்: கையெழுத்திட்ட பிறகு எங்கள் மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?

வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை

கரு ஆய்வில் பயன்படுத்தப்படும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இந்த உரிமை சம்மதப் படிவத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். செல் வரிசை உருவாகிவிட்ட பின்னர் அதை மீட்க வழியில்லை. எனவே கருக்கள் மையத்திலிருந்து ஆய்வு நிறுவனத்துக்கு எந்த நாளில் அனுப்பப்படும் என்பதை உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படிவத்தில் கையால் எழுதிச் சேருங்கள். திரும்பப் பெறுவதானால் இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்திவிட வேண்டாம்.